குறி வைத்த வீடு

அந்தக் கண்ணாடி சூடாக இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஹேமாவதி கருவியிலிருந்து கண்ணை எடுத்து, புடவைத் தலைப்பால் இமையை ஒற்றிக்கொண்டு, மறுபடியும் ரப்பர் வளையத்தில் முகத்தைப் பதித்தாள். தகரக் கூரைக்குக் கீழே மாடி அறை வெந்துகொண்டிருந்தது. ஏரியைப் பார்த்த ஒற்றை ஜன்னலைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் கறுப்புத் திரை. அந்தத் திரைத் துணியின் மக்கிய வாசனையும், லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டின் நெடியும், கீழே லேத் பட்டறையிலிருந்து படியேறி வரும் எண்ணெய்ப் புகையும் கலந்து மூக்கில் உட்கார்ந்திருந்தன. கருவிக்குள்ளே உலகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சூடானதெல்லாம் வெள்ளை, குளிர்ந்ததெல்லாம் கறுப்பு. அம்பத்தூர் ஏரியின் தண்ணீர் ஒரே கறுப்பு. அதற்கு அந்தப் பக்கம், திருமுல்லைவாயில் ஓரமாக, வெயிலில் காய்ந்த மொட்டைமாடிகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது தளம், ஒரு பால்கனி, பால்கனிக்குப் பின்னால் இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு, கதவின்மேல் கறுப்பாக ஒரு கூட்டல் குறி. கருவியின் மெல்லிய கோடுகள் அந்தக் குறியின்மேல் கச்சிதமாகப் படிந்திருந்தன. அப்படிப் படிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் குறிக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடியில், தேங்காய் அளவுக்கு ஒரு வெளுப்பு இருந்தது.

அந்தக் கதவு கிழக்குப் பார்த்தது. காலையில் விழும் வெயில் உச்சிக்கு முன்பே கட்டடத்தின் முதுகுப் பக்கம் போய்விடும். மத்தியானத்துக்கு மேல் கண்ணாடி நிழலில் குளிர்ந்து கிடக்க வேண்டும், நேற்று வரை அப்படித்தான் கிடந்தது. உள்ளே விளக்கோ அடுப்போ எரிந்தாலும் இந்தக் கருவிக்குத் தெரியாது, ஏனென்றால் வெப்பத்தைப் பார்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் சுவரும் ஒன்றுதான். அதைத் தாண்டி எதையும் அது பார்க்காது. கண்ணாடியே சூடானால்தான் உண்டு. உள்ளேயிருந்து யாராவது நெற்றியை அதன்மேல் அழுத்திவைத்து நெடுநேரம் நின்றிருந்தால் இப்படி ஒரு வெளுப்பு விழும். ஆனால் வீட்டில் யாரும் இல்லை. காலையில் பூட்டியவள் அவள்தான், சாவியும் அவளிடம்தான் இருந்தது. அது ஹேமாவதியின் வீடு.

பீரங்கி வண்டிக்குள் உட்கார்ந்து சுடுகிறவர் கண்ணை வைத்துப் பார்க்கிற கருவிக்கு அந்தத் தொழிற்கூடத்தில் சைட் என்றுதான் பெயர். எங்கே வேலை என்று கேட்பவர்களிடம் ‘சைட் பார்க்கிற வேலை’ என்று அவள் சொன்னால், இந்த வயதில் இந்தம்மாவுக்கு இது தேவையா என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள், விளக்கப் போனால் அரை நாள் ஆகும். ஒவ்வொரு சைட்டுக்கும் இரண்டு கண். ஒன்று நாம் பார்ப்பதுபோலவே பார்க்கும் பகல் கண், இன்னொன்று வெப்பக் கண். இரண்டும் ஒரே புள்ளியைப் பார்க்கின்றனவா என்று சரிபார்த்துப் பூட்டுவது அவள் வேலை. அதற்குத் தொலைவில் ஒரு குறி வேண்டும்; அசையக் கூடாது, உயிர் இருக்கக் கூடாது. பல வருஷமாக ஏரிக்கு அந்தப்புறம் இருந்த ஒரு பழைய செங்கல் புகைபோக்கிதான் குறியாக இருந்தது. கோடை தொடங்கும்போது அதை இடித்து மனை போட்டுவிட்டார்கள். புதுக் குறி ஒன்று பார்க்கச் சொன்னார் மேலாளர். ஹேமாவதி தன் வீட்டைப் பார்த்தாள்.

காரணமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், நடுவில் ஏரி, மறைப்பு ஒன்றும் கிடையாது. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு, ஆள் நடமாட்டமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கிழித்து, கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கத்தில் கூட்டல் குறியாக ஒட்டினாள்; வெப்பக் கண்ணுக்கு அது கறுப்பாகத் தெரியும். தெரிந்தவர்கள் வீடு என்று மேலாளரிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் சொல்லிவைத்தாள். உண்மையான காரணத்தை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. நாளெல்லாம் அந்த இருட்டு அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவளுக்கு, கொடியில் காயும் தன் துண்டையும், கற்றாழைத் தொட்டியையும், மூடிக் கிடக்கும் தன் கதவையும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது. இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

“இன்னா மேடம், ஆச்சா? அட்த்தத ஏத்தலாமா?”

திரையை விலக்கிக்கொண்டு ஹாஜா மொய்தீன் தலையை நீட்டினார். பூந்தமல்லிக்காரர், அவள் வயதுதான் இருக்கும். சைட்டுகளைப் பீடத்தில் ஏற்றிப் பூட்டுவதும், அவள் சரி என்றதும் திருகுகளை முறுக்கி, அசையாதபடி மெழுகு வைப்பதும் அவர் வேலை. வீடு நிறைய ஆட்கள் உள்ள மனிதர் என்பது அவர் வாயைத் திறந்தாலே தெரியும், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

“ஆச்சு பாய்,” என்றாள். வெளுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறந்தபோது, நாளெல்லாம் அடைத்துக் கிடந்த வீட்டின் வாசனை வரவில்லை. தினமும் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் புழுக்கமும் பினாயில் நெடியும் அவளுக்குப் பழக்கம். அன்றைக்கு வந்தது ஆள் புழங்கிய வீட்டின் வாசனை. தேங்காய் எண்ணெய், உடம்புச் சூட்டில் இருந்த துணி, இப்போதுதான் யாரோ பேசி முடித்த மாதிரி ஒரு மூச்சு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி ஒரு தரம் உறுமிவிட்டு அடங்கியது. பிறகு அவள் உள்ளே போய், ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டு, கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறையில் என்று எல்லாவற்றையும் பார்த்தாள். எங்கும் ஒன்றும் இல்லை.

கண்ணாடிக் கதவில் மட்டும் ஒரு தடம் இருந்தது. உள்பக்கத்தில், குறிக்கு ஒரு சாண் தள்ளி, எண்ணெய்ப் பிசுக்காக ஒரு வட்டம். அவள் அருகே போய் நின்றாள். அது அவள் நெற்றி உயரத்துக்குச் சரியாக இருந்தது.

‘நான்தான் எப்போதோ சாய்ந்திருப்பேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு துணியால் துடைத்தாள். தன் குரல் அந்த வீட்டில் கேட்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

அன்றைக்கென்று பார்த்து அண்ணன் மணவாளன் ஆரணியிலிருந்து கூப்பிட்டார்.

“சாப்ட்டியா ஹேமா?”

“ஆச்சுண்ணா.”

“தனியாவே கெடக்கிறியே, பயமா இல்லியா?”

“இதுல என்ன பயம்? நிம்மதியா இருக்கேன்.”

“அந்த ரூம அப்படியேதான் வச்சிருக்கேன். ஒரு வார்த்த சொல்லு, மறுநாளே வண்டி எடுத்துக்கினு வந்துடுறேன்.”

அந்த ரூம் என்பது அரிசி மூட்டைகளுக்கும் பழைய மாவு இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் இடம். கட்டினவன் இன்னொருத்தியோடு போன பிறகு பதினோரு வருஷம் அவள் அங்கேதான் படுத்தாள். அண்ணி நல்லவள்தான், ஆனால் சோறு போடும்போது கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் சாப்பிடத்தான் அவள் இந்த ஊருக்கு வந்தாள், இந்த வீட்டை வாங்கினாள். பொம்பளை தனியா இருந்துட முடியுமா என்று கேட்ட அத்தனை பேருக்கும் அந்த வீடுதான் பதில். இப்போது ‘வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கு’ என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் போதும், விடிவதற்குள் வண்டி வந்து நிற்கும்.

“எனக்கு ஒரு குறையும் இல்லண்ணா,” என்றாள். பேசி முடித்தபோது கை சில்லிட்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வெளுப்பு இரண்டாகியிருந்தது. நெற்றிக்குக் கீழே தோள். அதற்கடுத்த நாள் தோளிலிருந்து இடுப்பு வரை மங்கலாக ஒரு நீளம். கருவியை மாற்றிப் பார்த்தாள், வேறு சைட்டிலும் அதே. பகல் கண்ணுக்குத் திருப்பினால் கண்ணாடியில் வானமும் ஏரியும் மட்டும்தான் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் வீடு இருட்டாக இருந்தது. வெப்பக் கண்ணுக்குத் திருப்பினால் மீண்டும் அந்த வெளுப்பு. ஓர் ஆள் முழு உடம்பையும் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, வெளியே போனவர் எப்போது வருவார் என்று பார்த்து நிற்பது மாதிரியான நிலை. தொலைவிலிருக்கும் பொருளைக் கருவி கிட்டத்தில் கொண்டுவந்து வைக்கும், ஆனால் சத்தத்தைக் கொண்டுவராது. அந்த நிசப்தத்தை இதற்கு முன்னால் அவள் கவனித்ததே இல்லை.

அவளுக்குக் குளிர ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிறது, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் ரெக்சின் தொடையைச் சுடுகிறது என்று எல்லோரும் நெளிகிறார்கள். அவளுக்கு மட்டும் விரல் நுனியிலிருந்து ஒரு சில்லிப்பு ஏறி முழங்கையில் நின்றது. தேநீர்த் தம்ளரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். வருகைப் பதிவு இயந்திரம் அவள் விரலை எடுத்துக்கொள்ள மறுத்தது. இராத்திரி இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. ஆனால் படுக்கையின் மறுபாதி, அவள் எப்போதும் காலியாக விட்டுவைக்கும் சுவர்ப்பக்கம், கையை நீட்டினால் வெதுவெதுப்பாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது? பயந்தது உண்மை. கையை எடுக்காமல் தூங்கிப்போனதும் உண்மை.

வெள்ளிக்கிழமை ஹாஜா மொய்தீன் புதிய சைட் ஒன்றை ஏற்றினார். புதிதாக ஒன்றை ஏற்றினால் முதலில் உள்ளங்கையை லென்ஸுக்கு முன்னால் காட்டிப் பார்ப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். உள்ளே கை வெள்ளையாக விரிந்தால் வெப்பக் கண் விழித்துக்கொண்டது என்று பொருள். ஹேமாவதி கண்ணைப் பதித்து, ஒரு கையை நீட்டி லென்ஸுக்கு முன்னால் காட்டினாள். ஒன்றும் வரவில்லை.

“இது சரியில்ல பாய். எறக்கிடுங்க.”

“நான் காட்றேன், பாருங்க.”

அவர் கை வந்தது. பளீரென்று, கண் கூசுகிற வெள்ளையில், ஐந்து விரலும்.

“நல்லாத்தான கீது?”

“நீங்க பாருங்க பாய். நான் கையக் காட்டறேன்.”

இடம் மாறிக்கொண்டார்கள். அவள் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து பார்த்தார், குமிழைத் திருகினார், மறுபடி பார்த்தார்.

“உம், காட்டுங்க மேடம்.”

“காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் பாய்.”

அவர் தலையைத் தூக்கி அவள் கையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு சிரித்தார், ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை.

“ஐஸ் தண்ணில கைய வுட்டுகினு வந்தீங்களா? செவுரும் கையும் ஒரே கலரா கீது. ரெண்டு கிலோமீட்டர்ல அந்த ஊட்டம்மா பளிச்சுனு தெரியுது, பக்கத்துல கீற உங்க கை தெரியல, பாருங்க கூத்த.”

“எந்த வீட்டம்மா?”

“அதான், குறி வெச்சிக்கீறமே, அந்த ஊட்ல. தெனம் மத்தியானம் கண்ணாடியாண்ட நின்னுகினு கீது. நீங்க டீக்கு எறங்கினப்புறம்தான் வரும், நான் பாப்பேன். மொத நாள்லேர்ந்தே பாக்குறேனே.”

“பகல் கண்ணுல பார்த்திருக்கீங்களா?”

“ரெண்டு மூணு வாட்டி. உங்க ஜாடதான் மேடம். தெரிஞ்சவங்க ஊடுன்னு சொன்னீங்களா, அக்கா தங்கச்சியா இருக்கும்னு நெனச்சிகினேன். நம்மளயே பாத்துகினு நிக்கும். பாவமா கீது, பேச்சுத் தொணைக்கு ஆளு இல்லாத பொம்பள போலன்னு.”

ஹேமாவதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கீழே லேத் சுற்றுவது நின்று, சாப்பாட்டு மணி அடித்து, படிகளில் ஆட்கள் இறங்கும் சத்தம் ஓய்ந்தது. அதன் பிறகுதான் அவளால் சொல்ல முடிந்தது.

“அது என் வீடு பாய். அங்க என்னத் தவிர யாரும் இல்ல.”

ஹாஜா மொய்தீன் ஜன்னல் வழியாக ஏரிக்கு அந்தப்புறம் எட்டிப் பார்த்தார்.

“யா அல்லா. சொந்த ஊட்டு மேல போய் யாராவது குறி வெப்பாங்களா மேடம்? ஒரு மாசமா எத்தினி சைட்டு ஏத்தி எறக்கிக்கீறோம்? ஒவ்வொண்ணும் உங்க ஊட்ட மொறச்சுப் பாத்துட்டுல்ல வெளிய போய்க்குது. குறின்னு ஒண்ணு வெச்சா, அங்க ஒரு ஆளு வந்து நிக்கணும்னுதான மேடம் அர்த்தம்?” சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை போலிருந்தது. “உங்க அண்ணனாண்ட சொல்லுங்க. இல்ல, எங்க ஊட்டுக்கு வந்து படுத்துக்கோங்க, புள்ளைங்க கீதுங்க.”

“யார்கிட்டயும் சொல்ல வேணாம். சொன்னா என்னக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அந்த வீட்ட விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?” குரல் உடைந்தது, அவள் அதை மறைக்கவில்லை. “நாளைக்கு அரை நாள்தானே. நான் போய்ப் பார்க்கிறேன். நீங்க இங்கிருந்து பாருங்க, இங்க இருக்கிற போன்ல கூப்பிடுங்க.”

“நானும் கூட வரேன் மேடம்.”

“நீங்க வந்துட்டா இங்கிருந்து யார் பார்ப்பாங்க?”

அவர் தலையை ஆட்டிவிட்டு, சைட்டின் திருகுகளை முறுக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது தெருவில் தார் இளகியிருந்தது. ஐஸ்காரர் குடைக்குள் ஒண்டியிருந்தார். ஹேமாவதி பச்சைப் புடவையின் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நடந்தாள். லிஃப்டுக்குள் தன் மூச்சுச் சத்தத்தைக் கேட்க முயன்றாள். ஐந்தாவது தளம். வராந்தாவில் யாரும் இல்லை, எல்லாக் கதவுகளும் வெயிலுக்குப் பயந்து சாத்தியிருந்தன. சாவியைப் பூட்டில் நுழைத்தபோது கைபேசி அடித்தது.

“மாடி ரூம்லேர்ந்து பேசறேன் மேடம். எல்லாம் போய்ட்டாங்க. சைட் ரெடி.”

“நான் உள்ள போறேன் பாய். போன வைக்காதீங்க.”

கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்ததும் தரை வெதுவெதுப்பாகக் காலைத் தொட்டது. எல்லா இடத்திலும் இல்லை. ஒரு பாதம் அளவுக்கு அங்கே, ஒரு பாதம் அளவுக்கு இங்கே, சமையலறைக்குப் போய்த் திரும்பி, சோபாவுக்குப் போய், கண்ணாடிக் கதவை நோக்கி. தன்னை அறியாமலே அந்தச் சூட்டின்மேல் கால் வைத்து நடந்தாள். சோபா மெத்தையில் உட்கார்ந்து எழுந்த குழிவு. தொட்டாள், சூடு. மேஜைமேல் கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தம்ளர். அதுவும் சூடு. தேங்காய் எண்ணெய் வாசனை. தான் இல்லாத நேரமெல்லாம் இந்த வீட்டில் ஓர் ஆள் நடந்திருக்கிறது, உட்கார்ந்திருக்கிறது, தேநீர் குடித்திருக்கிறது. அந்த ஒரு கணம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“தெரியுறீங்க மேடம்,” என்றார் ஹாஜா மொய்தீன். “கண்ணாடியாண்ட வந்துட்டீங்க. நல்லா வெளுத்துகினு கீது.”

அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து கண்ணாடிக் கதவு முழுசாகத் தெரிந்தது. கதவருகே யாரும் இல்லை.

“பாய், நான் இன்னும் அங்க போகல.”

போனுக்குள் மாடி அறையின் மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

“பாய்?”

“வெளிய வாங்க மேடம். கண்ணாடி ஊடால இதுல தெரியாது. பால்கனிக்கு வந்து நில்லுங்க.”

அவள் போனாள். கண்ணாடியில் நெற்றி உயரத்தில் மூச்சுப் பட்ட ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. கதவை இழுத்தாள். வெளியே வந்தாள். ஏரிக்காற்று. கீழே எங்கோ குழாயில் குடம் வைக்கும் சத்தம். ஏரிக்கு அந்தப்புறம், கூரைகளுக்கு மேலே, தகர அறை ஒரு பொட்டாகத் தெரிந்தது.

“வந்துட்டேன். கைய ஆட்டறேன். தெரியுதா?”

“ஒருத்தர் வெளிய வந்தாங்க. பளிச்சுனு கீறாங்க.”

“நான்தான். கை ஆட்டறது தெரியுதா?”

“ஆட்டல மேடம்.”

அவள் கையை உயர்த்தி, இன்னும் வேகமாக ஆட்டினாள். கைப்பையைச் சுழற்றினாள். வளையல் முழங்கை வரை வழுக்கி இறங்கியது.

“பாய், ஆட்டறேன் பாய். நல்லாப் பாருங்க.”

“சும்மா நின்னுகினு கீறாங்க மேடம். கையக் கட்டிகினு.”

பக்கத்தில் பார்த்தாள். கற்றாழைத் தொட்டி. கொடி. துண்டு. வேறொன்றும் இல்லை. ஆனால் இடது பக்கம் கன்னத்தில் சூடு அடித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி. ஆள் நிற்கும் உயரத்துக்கு.

“பகல் கண்ணுக்கு மாத்துங்க.”

குமிழ் திரும்பும் சத்தம் போனில் கேட்டது. பிறகு ஹாஜா மொய்தீன் ஒரு பெரிய மூச்சு விட்டார்.

“அட, நீங்கதான் மேடம்! நல்லாத் தெரியுறீங்க. பச்சப் பொடவ. சிரிக்கிறீங்க வேற. இன்னா மேடம், ஒரு நிமிசம் கதி கலங்க வெச்சிட்டீங்களே.”

அவள் சிரிக்கவில்லை.

“என் பக்கத்துல யாரு பாய்?”

“பால்கனில உங்களத் தவிர யாரும் இல்ல மேடம். ஒரே ஆளுதான்.”

“நான் ரெண்டு கையையும் ஆட்டறேன் பாய்!”

“ஹலோ? ஹலோ? கேக்கல மேடம்.”

“பாய்!”

“ஹலோ?”

முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு தண்டவாளத்தில் உருண்டது. மெதுவாக, வீட்டுக்காரர் சாத்துவதுபோல. கொண்டி விழுந்தது.

திரும்பினாள். கண்ணாடியில் ஏரி. வானம். தூரத்துக் கூரைகள். அவள் நிற்க வேண்டிய இடத்திலும் வானம். அதற்குப் பின்னால், ஹாலில், பச்சைப் புடவைத் தலைப்பு ஒன்று நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனது.

“ஒண்ணுமில்ல பாய்.”

அது போனில் கேட்டது. அவள் குரல். கொஞ்சம் கதகதப்பான, நன்றாகத் தூங்கி எழுந்த குரல்.

“வீடு நல்லாத்தான் இருக்கு. நான்தான் வீணாப் பயந்துட்டேன்.”

“அப்பாடா. சரி மேடம், நீங்க உள்ள போனதப் பாத்தேன். பால்கனி காலி.”

அவள் போனை வாயோடு அழுத்தி அலறினாள். தொண்டை கிழிந்தது, கீழே குடம் வைத்தவள் தலை நிமிரவில்லை.

“பாய், இன்னொண்ணு,” என்றது குரல். “அந்தக் குறிய மாத்திடலாம். இனிமே யாரும் இந்தப் பக்கம் பார்க்க வேணாம்.”

“நானே சொல்லலாம்னு கீறேன் மேடம். அந்த ஆவடி ரோட்டு தண்ணி டேங்க் நல்லா கீது, திங்கக்கெழம அதுக்குத் திருப்பிடறேன். கதவப் பூட்டிகினு தூங்குங்க.”

“சரி பாய். அண்ணனுக்கும் ஒரு போன் போடணும், வர வேணாம்னு.”

தகர அறையில் திரையை இழுக்கும் வளையச் சத்தம் போனில் வரிசையாகக் கேட்டது. விளக்கை அணைக்கும் சொடுக்கும் கேட்டது. இணைப்பு அறுந்தது.

ஹேமாவதி ஏரிக்கு அந்தப்புறம் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.